வலி தீர்த்த தண்ணீர்

என் கணவருக்குத் தண்ணீருக்கடியில் போக இரண்டு வழிகள் தெரியும். ஒன்று அவர் பிறந்த தூத்துக்குடிக் கரையில் கற்றது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கோவணத்தோடு இறங்கி, சங்கோடு மேலே வருவது. இன்னொன்று துறைமுக வேலையில் கற்றது. தலையில் செம்புக் கவசம், ரப்பர் பூசிய கித்தான் உடுப்பு, காலில் ஈயம் வைத்த செருப்பு; கரையில் நாலு பேர் மாறி மாறிச் சுற்றும் பம்பிலிருந்து குழாய் வழியாக இறங்கும் காற்று. முதலாவதை அவர் 'முங்குறது' என்பார். இரண்டாவதை 'வேலை' என்பார். இரண்டும் ஒரே உடம்புக்குள்தான் நடக்கின்றன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். நான் நர்ஸ்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. மைசூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஓர் அணையில் அடிமதகுகளின் கதவுகளைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. அணையைக் காலி செய்ய முடியாது. ஊர் முழுக்கக் கரும்பும் நெல்லும் அந்தத் தண்ணீரை நம்பி நிற்கின்றன. அதனால் கவசம் போட்டு இறங்கும் ஆட்களைக் கடற்கரையிலிருந்து வரவழைத்தார்கள். ஆறு மாதத்துக்கென்று வந்தவர் மைசூரில் எங்கள் மாதா கோயிலில், தமிழில் பிரசங்கம் வைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்து நின்றார். பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பா அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். மீதியைச் சாமியார் பார்த்துக்கொண்டார். எனக்கு அப்போது இருபத்தாறு. அந்தக் காலக் கணக்கில் முற்றின கத்திரிக்காய். "இவ்ளோ நேரம் மூச்சுப் பிடிக்கிறவர் உன் வாயையும் தாங்குவாரு, கட்டிக்கோ" என்றாள் என் அக்கா.

தாங்கினார். அது வேறு கதை.

வேலையில் அவர் மிகவும் ஒழுங்கான ஆள். எப்படி இறங்க வேண்டும், எவ்வளவு நேரம் இருக்கலாம், மேலே வரும்போது எங்கெங்கே நின்று நின்று வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை அணை அதிகாரி கொடுத்திருந்தார். நான்தான் அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். நான் படிக்கப் படிக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு முறை கேட்டால் போதும். பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழத்தில் வேலை. இரு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு ஒரு பாகம். அந்த ஆழத்தில் ஒன்றரை மணி நேரம் திருகாணியோடு மல்லுக்கட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி இடையில் இரண்டு இடத்தில் அசையாமல் தொங்குவார். மேலே இருக்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். "காயிதத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்பார். கவசம் போட்ட மனிதனைப் பற்றி அந்தக் காகிதத்தில் எல்லாம் இருந்தது. கவசத்தைக் கழற்றி வைத்த மனிதனைப் பற்றி ஒரு வரி இல்லை.

கழற்றி வைத்த பிறகுதான் எங்கள் கதை ஆரம்பமாகிறது.

அந்த உடுப்பைப் போட அரை மணி, கழற்ற அரை மணி. பம்பு சுற்றுகிறவர்கள் மண்டியா பக்கத்து ஆட்கள்; சாயங்கால பஸ்ஸை விட்டால் நடைதான். எல்லாம் முடிந்து குழாயைச் சுருட்டி வைத்த பிறகு ஏதாவது ஒன்று மிச்சமிருக்கும். கீழே கம்பியில் கயிறு மாட்டிக்கொண்டிருக்கும். திருகுச் சாவி ஒன்று நழுவிப் போயிருக்கும். அதற்காக மறுபடி உடுப்பா? என் கணவர் சட்டையைக் கழற்றுவார், ஒரு மூச்சு இழுப்பார், போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சங்குக் குளிகாரனுக்கு அது ஒரு வேலையா? பம்புக்காரர்கள் கைதட்டுவார்கள். மேஸ்திரி பீடி நீட்டுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

இரண்டு மூன்று வாரத்தில் தோள்வலி வந்தது. முதலில் கயிறு இழுத்த வலி என்றார். நான் டர்ப்பன்டைன் தேய்த்தேன், உப்பு ஒத்தடம் கொடுத்தேன், சூடாக மிளகு ரசம் வைத்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. அழுத்திப் பார்த்தால் வலிக்கிற இடம் என்று எதுவும் கிடையாது. எலும்புக்கு உள்ளே எங்கேயோ இருந்துகொண்டு கடைந்தது. தோளில் சில நாள் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அரிக்கிறது என்பார். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு இப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் ஓடியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம், சொந்த வீட்டில் வலி என்றால் ஒத்தடம்.

ஒரு நாள் அவர் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். குழந்தை மாதிரி கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"மருந்து கண்டுபுடிச்சிட்டேன் சிஸ்டரம்மா" என்றார். என்னைக் கேலி செய்யும்போது அப்படித்தான் கூப்பிடுவார். "கவசத்தக் கழத்தின பொறவு தோளு வலிக்கி, வலிக்கி, உசுரு போகுது. சாவி ஒண்ணு விழுந்து கெடந்துது. சரி போவோம்னு முங்குனேன். அடியில போனதும் வலி இல்ல, புள்ள. சத்தியமா இல்ல. ஆணியப் புடுங்கின மாதிரி."

"மேலே வந்தப்புறம்?"

"கொஞ்சம் வந்துது. மறுபடி முங்குனேன். வலி போயிட்டு."

அவர்கள் தூத்துக்குடிக் கரையிலும் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். கவசக்காரர்களுக்குக் குத்தல் வந்தால் தண்ணீரில்தான் அதைத் தொலைக்க வேண்டும் என்பார்களாம். அங்கே திரும்பக் கவசத்தோடு இறக்கி, மெதுவாக ஏற்றுவார்கள் என்பதெல்லாம் பிற்பாடு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது. இவர் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். தண்ணீரில் வந்தது தண்ணீரில் போகும் என்ற பாதியை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அப்ப தினமும் முங்கிட்டே வாங்க. வீட்டுக்கு வந்து முனகாதீங்க" என்றேன். சொன்னதோடு விட்டேனா? மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு துண்டும் வைத்துக் கொடுத்தேன், தலை துவட்ட. ஒரு மாதம் தினம் அந்தத் துண்டு ஈரமாக வீடு வந்தது. கொடியில் காயப்போடும்போது எனக்குள் ஒரு திருப்தி. டாக்டர்களுக்கெல்லாம் தெரியாத ஒரு வைத்தியம் நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று.

ஆஸ்பத்திரியில் என் வேலையில் பாதி ஊசி போடுவது. கண்ணாடி ஊசிக் குழாயில் மருந்தை இழுத்து, நுனியை மேலே பிடித்து, விரலால் சுண்டி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியை மேலே வரவைத்து, அதை வெளியே தள்ளின பிறகுதான் நோயாளியின் கையைத் தொடுவேன். புதிதாக வரும் பெண்களுக்கும் நான்தான் அதைக் கற்றுக்கொடுத்தேன். ஒரு பெண் அவசரத்தில் சுண்டாமல் போனாள் என்பதற்காக எல்லார் முன்னாலும் அவளை அழவைத்திருக்கிறேன். "ரத்தத்துல காத்துப் போனா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?" என்று கத்தினேன். எனக்குத் தெரியும். என் வீட்டுத் துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோதே தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

கோடைக்கு முன்னால் ஒரு மதகை முடித்தாக வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை அவரை இரண்டு தடவை கவசத்தோடு இறக்கினார்கள். இரண்டு தடவையும் காகிதத்தில் இருந்தபடியே நின்று நின்றுதான் ஏறினார். அன்றைக்கு வலி தோளில் இல்லை, இடுப்பில். எப்போதும் போல் முங்கினார். போய்விட்டது. மேலே வந்தார், வலி கூடவே வந்தது. இரண்டாவது தடவை முங்கினார். மூன்றாவது தடவை மேலே வந்து கற்படியில் உட்கார்ந்தவர், "காலு மரத்துப் போச்சே" என்றாராம். மேஸ்திரி சிரித்துக்கொண்டே கை நீட்டியிருக்கிறார். கையைப் பிடித்தார், எழுந்திருக்க முடியவில்லை.

வேலைத்தலத்து லாரியில், குழாய்ச் சுருள்களின் மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நான் ஆண்கள் வார்டில் டியூட்டியில் இருந்தேன். ஸ்டிரெச்சரில் யாரோ வருகிறார்கள் என்று பார்த்தால், தலையில் என் துண்டு. "ஏனாய்த்தோ கொத்தில்ல சிஸ்டர், ஏனாய்த்தோ கொத்தில்ல" என்று மேஸ்திரி அதையே சொல்லிக்கொண்டிருந்தார். என்ன ஆனதென்று தெரியவில்லையாம். நான் கணவரின் உள்ளங்காலில் ஊசி முனையால் கீறினேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குத்திட்டியா?" என்று கேட்டார்.

எங்கள் பெரிய டாக்டர் பெங்களூர்க்காரர், படிக்கிற மனுஷர். பாலத்துக்கு ஆற்றடியில், அழுத்தக் காற்று அடைத்த அறைக்குள் அஸ்திவாரம் தோண்டும் ஆட்களுக்கு இப்படி வருவதைப் புத்தகத்தில் படித்திருந்தார். பெரிய துறைமுகங்களில் இதற்கென்று இரும்பு அறை இருக்கும், ஆளை உள்ளே வைத்துக் காற்றை அழுத்துவார்கள், இங்கே அதற்கு வழியில்லை என்றார். ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். மேஸ்திரி, கவசத்தைப் போட்டு மறுபடி கீழே இறக்கினால் சரியாகிவிடும் என்று கையைக் கூப்பினார். டாக்டர் யோசித்தார். நிஜமாகவே ரொம்ப நேரம் யோசித்தார். கால் இருப்பதே தெரியாத மனுஷனைத் தனியாக அந்த ஆழத்துக்கு அனுப்ப முடியாது என்று கடைசியில் தலையை ஆட்டினார். அனுப்பியிருந்தால் பிழைத்திருக்குமா அந்தக் கால்? எனக்குத் தெரியாது.

பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு விளக்கினார். ஆழத்தில் அழுத்தத்தோடு இழுத்த காற்று ரத்தத்திலும் சதையிலும் கரைந்து உட்கார்ந்துகொள்கிறது. நின்று நின்று ஏறினால் மூச்சு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஆனால் மேலே வந்த உடனே எல்லாம் தீர்ந்துவிடாது. மணிக்கணக்காக உள்ளே மிச்சம் இருக்கும், சின்னச் சின்னக் குமிழிகளாக. அந்த நேரத்தில் மறுபடி ஆழத்துக்குப் போனால் தண்ணீரின் பாரம் குமிழிகளை நசுக்கும், வலி குறையும். நசுங்கிச் சிறுத்த குமிழி முன்னால் நுழைய முடியாத இடத்திலும் நுழையும். மூச்சுப் பிடித்து முங்குகிறவன் இடையில் எங்கே நிற்பான்? ஒரே பாய்ச்சலில் மேலே வருவான். குமிழி புகுந்த இடத்திலேயே பெருக்கும். தோளில் என்றால் வலி. முதுகுத்தண்டில் என்றால் இது.

"மேலே வந்தப்புறம் மறுபடி தண்ணியில இறங்கினாரா, சிஸ்டர்? வழக்கமா அப்படிச் செய்வாரா?" என்று கேட்டார்.

"தெரியாது, டாக்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. ஒரு நர்ஸ் தன் புருஷனை இதற்கு அனுப்பினாள் என்று அந்த மனுஷர் என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குப் பயம். என் கௌரவத்துக்காகச் சொன்ன பொய். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அதிகாரி ஃபைலோடு வார்டுக்கு வந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "கவசத்தைக் கழற்றினப்புறம் யாராவது இறங்கச் சொன்னாங்களா?" என்று கேட்டார். நான் தெர்மாமீட்டரை உதறினேன். பாதரசம் இறங்கின பிறகும் உதறிக்கொண்டே இருந்தேன்.

"யாரும் சொல்லல ஐயா" என்றார் என் கணவர். "எனக்குத்தான் தண்ணியக் கண்டா கை காலு நிக்காது. வெளையாட்டுக்கு முங்குனேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். 'தன் சொந்த அஜாக்கிரதையால்' என்று ஃபைல் மூடப்பட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். காகிதத்தில் ஒரு வரி மீறாதவர் அஜாக்கிரதைக்காரர் ஆனார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பற்றி என்னிடம் பேசவும் இல்லை. அவர் பேசாததையே நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது.

வலது கால் இரண்டு மாதத்தில் திரும்பியது. இடது கால் திரும்பவில்லை. ஒன்றுக்குப் போவதற்கே ரப்பர் குழாய் வைத்த நாட்கள் உண்டு. அதையும் நான்தான் வைத்தேன், அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு கம்பு ஊன்றி நடந்தார். அணையிலேயே சாமான் அறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். கயிறும் திருகுச் சாவியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. தண்ணீர் அங்கிருந்து தெரியும்.

ஒன்றரை வருஷம் போனது. மீதி மதகுகளுக்காகத் தூத்துக்குடியிலிருந்து மூன்று பேர் புதிதாக வந்தார்கள். அவர் தெருவுக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள். நன்றாக வேலை தெரிந்தவர்கள். ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பெரியவனுக்கு இடுப்புல வலியாம். முங்குனா போயிருதாம்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லாம இருப்பனா? எங் காலப் பாத்துச் சிரிக்கானுவ. 'அண்ணே, நீரு ஆசைக்கு மூணு தடவ முங்கினீரு. வெளையாட்டுக்கு முங்கினேன்னு நீரே எழுதிக் குடுத்திருக்கீராம்லா. நாங்க வலிக்குத்தான முங்குதோம், அதும் ஒரே ஒரு தடவ'ங்கானுவ. நான் என்னத்தச் சொல்ல?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய்யை நம்பி மூன்று பேர் தினமும் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பகல் டியூட்டி முடிந்ததும், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்து குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் கற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சாமான் அறையிலிருந்து என் கணவர் கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார்.

டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவர்களுக்குச் சொன்னேன். கவசத்தைக் கழற்றினால் அன்றைக்கு முழுக்க முங்கக் கூடாது, மறுநாள்வரைக்கும் கூடாது, சாவி விழுந்தால் கிடக்கட்டும், வலி வந்தால் தண்ணீருக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். ஊசிக் குழாயில் குமிழியைச் சுண்டுவதைக்கூடக் கையால் செய்து காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். யூனிஃபார்முக்குக் கொடுத்த மரியாதை.

"சரிதான் அக்கா" என்றார் மூத்தவர். "ஆனா முங்குனா வலி போவுதே. அது பொய்யில்லையே. அண்ணன் வெளையாடினாரு, பட்டுட்டாரு. நாங்க வெளையாடல."

"அவர் விளையாடல" என்றேன். "அவருக்கும் வலிதான். வலி போகுதுன்னு என்கிட்டதான் வந்து சொன்னாரு. தினமும் முங்கிட்டே வாங்கன்னு அனுப்பினது நான். தலை துவட்டத் துண்டும் வச்சுக் குடுத்தேன். நர்ஸு. தெரிஞ்சிருக்கணும், தெரியல. டாக்டர் கேட்டப்ப தெரியாதுன்னு பொய் சொன்னேன். ஆபீசர் கேட்டப்ப வாயைத் திறக்கல. எனக்காகத்தான் இவர் விளையாட்டுன்னு சொன்னாரு."

பம்புக்காரர்களுக்குத் தமிழ் அரைகுறைதான். அவர்களும் குழாயைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூத்தவர் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்தார்.

"நெசமா அண்ணே?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பெண்பிள்ளை உளறுகிறாள் என்று சிரித்து மழுப்பிவிடுவார் என்று. அதுதான் அவர் சுபாவம். அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனமும், சொல்லிவிடக் கூடாது என்று ஒரு மனமும் எனக்கு இருந்தன.

"ஆமா" என்றார்.

ஒன்றரை வருஷம் அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் நான் அந்த மனுஷருக்கு விழுந்து விழுந்து பணிவிடை செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அழுதேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அந்த மூன்று பேரிடமும் சொன்னார்:

"அவ போகச் சொன்னா, நான் போனேன். இப்பம் போவாதேங்கா. கேளுங்க."

மூத்தவர் இடுப்பைப் பிடித்தபடியே எழுந்தார். பிறகு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, எங்களோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்.